கண்ணுக்குள் முளைக்கும் ‘புதிய’ நாளங்களுக்கு வேறு பெயர் வேண்டும்

செந்தூலிலிருந்து

மருத்துவத்துக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கான கண் பரிசோதனைத் துண்டறிக்கையின் வரைவைப் படித்துத் திருத்தம் சொன்ன எல்லாருக்கும் நன்றி. விழித்திரை, பார்வை நரம்பு, கண்புரை ஆகியவற்றில் பெரிய சண்டை இல்லை. நீரிழிவா, சர்க்கரை நோயா, இனிப்புநீரா என்ற கேள்வியும் தீர்ந்துவிட்டது: தலைப்பில் நீரிழிவு, உள்ளே இனிப்புநீர். பத்திரிகை படிக்கிறவருக்கு முதலாவது பழக்கம், நம் வீட்டுப் பாட்டிமாருக்கு இரண்டாவது. இழுபறி ஓர் இடத்தில்தான் நிற்கிறது. நோய் முற்றும்போது விழித்திரையின் மேல் இரத்த நாளங்கள் முளைக்கின்றனவே, அவற்றை என்னவென்று சொல்வது?

வரைவில் ‘புதிய இரத்த நாளங்கள் உருவாகும்’ என்று இருக்கிறது. பொருளில் பிழை இல்லை, மருத்துவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த வரியை அப்படியே அச்சுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அரசாங்க கிளினிக்குகளில் தாதியாக இருந்தவள் நான். டாக்டர் அறையிலிருந்து வெளியே வருகிறவர்கள், அவரிடம் கேட்கக் கூச்சப்பட்டதை எங்களிடம் கேட்பார்கள். “கண்ணுல புது நரம்பு வந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரு மிஸி, அப்ப பார்வை தேறிடும்தானே?” இந்தக் கேள்வியை வெவ்வேறு வாய்களில் கேட்டிருக்கிறேன். கேட்பவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. நம் பேச்சில் ‘புது’ என்றாலே நல்லதுதான். போதாததற்கு, குடும்பத்தில் யாருக்காவது இதயத்தில் பைபாஸ் நடந்திருக்கும். “புதுக் குழாய் வச்சாங்க, ஆள் பொழச்சுக்கிட்டாரு” என்பதுதான் அந்த வீட்டின் அனுபவம். அதே காதில் ‘கண்ணில் புதிய நாளம்’ என்று விழுந்தால் சந்தோஷப்படாமல் என்ன செய்வார்கள்? சந்தோஷப்பட்டவர்களில் சிலர் அடுத்த அப்பாயின்மென்ட்டுக்கு வரவில்லை.

நரம்பு என்ற சொல்லும் சேர்ந்து குழப்புகிறது. பேச்சுத் தமிழில் இரத்தக் குழாயும் நரம்புதான், மூளையிலிருந்து வருவதும் நரம்புதான். இரத்தம் எடுக்கும்போது ‘நரம்பு கிடைக்கலை’ என்று நாங்களே சொல்வோம். கண்ணைப் பற்றிய துண்டறிக்கையில் பார்வை நரம்பும் வருவதால், குழாய்களுக்கு ‘நாளம்’ என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

பெயர் வைப்பதற்கு முன் நடப்பதைச் சரியாகப் பார்த்துக்கொள்வோம். விழித்திரையின் தடிமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் உடம்பிலேயே மிக அதிகமாக ஆக்சிஜன் செலவழிக்கும் திசுக்களில் அதுவும் ஒன்று. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடியே இருந்தால், அங்குள்ள நுண்நாளங்களின் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் செல்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. சுவர் அங்கங்கே புடைக்கும். புடைத்த இடத்தில் நீரும் கொழுப்பும் கசியும், சிலது உடைந்து இரத்தப் புள்ளி விழும். எழுத்துப் படிக்கவும் முகம் அடையாளம் காணவும் நமக்கு உதவுவது விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சள் புள்ளி. கசிவு அங்கே போய்த் தேங்கினால் பார்வை மங்கும். இந்த நோயில் பார்வை குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த நீர்வீக்கம்தான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

அடுத்து, நுண்நாளங்கள் அடைபடத் தொடங்கும். இரத்தம் போய்ச் சேராத பகுதி ஆக்சிஜனுக்குத் தவித்து, நாளங்களை வளரச் சொல்லி ஒரு வேதிப் பொருளைச் சுரக்கும். அப்படி ஏதோ ஒன்று விழித்திரையில் பரவுகிறது என்று மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் 1948-இலேயே ஊகித்துவிட்டார். அது என்னவென்று தெரியாததால் ‘எக்ஸ் காரணி’ என்ற பெயரிலேயே அது பல காலம் உலவியது. 1989-இல் ஃபெராரா என்ற ஆய்வாளரின் குழுவினர் பிரித்தெடுத்த வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்துக்குத்தான் அதில் முதன்மைப் பங்கு என்பது பிறகு தெரிந்தது. (பெயர் தெரியாவிட்டால் எக்ஸ் என்று வைத்துவிட்டு வேலையைப் பார்க்கும் வசதி அவர்களுக்கு இருந்திருக்கிறது. நமக்கு எங்கே!)

அந்த அழைப்பைக் கேட்டு நாளங்கள் முளைக்கின்றன. முளைத்தவை, பட்டினி கிடக்கும் பகுதிக்குள் போய் இரத்தம் கொடுத்தால் நாம் இந்த மடலே எழுத வேண்டியதில்லை. அவை விழித்திரையின் மேற்பரப்பில் படர்ந்து, கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் விட்ரியஸ் கூழைப் பற்றிக்கொண்டு ஏறுகின்றன. சுவர் மெலிது, எளிதில் உடையும். இரத்தம் விட்ரியஸில் கொட்டினால் காலையில் தெரிந்த கண் மாலையில் இருண்டுவிடக்கூடும். நாளங்களோடு சேர்ந்து வளரும் நார்த்திசு பிறகு சுருங்கும்போது, விழித்திரையையே அதன் இடத்திலிருந்து இழுத்துப் பிரித்துவிடும். சிலருக்குக் கண்ணின் முன்பக்கம், கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸிலும் முளைத்து, கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழியை அடைத்து, கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

கடைசிக் கட்டம் தவிர எதிலும் வலி கிடையாது. நாளங்கள் படர்ந்த பிறகும் எழுத்துப் பலகையின் கீழ்வரிசையைத் தடுமாறாமல் படிக்கிறவர்கள் உண்டு. “நல்லாத்தானே தெரியுது, எதுக்கு ஜிஎச்சுக்கு அனுப்புறீங்க” என்று கோபப்படுவார்கள். அவர்களுக்காகத்தான் இந்தத் துண்டறிக்கை.

நம் வீடுகளில் இது எவ்வளவு பேரைத் தொடும் என்பதற்கு ஒரு கணக்கு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, 2023-இல் 15.6 விழுக்காடு. இந்தியர்களிடம் அந்த விகிதம் மற்றவர்களைவிடக் கூடுதல். உலக அளவில் பார்த்தால் நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு விழித்திரையில் ஏதாவது ஒரு நிலையில் பாதிப்பு இருக்கிறது.

இனி, நம் மடல் இழையில் நீங்கள் முன்வைத்த சொற்கள். நாளம் முளைத்த நிலைக்குப் ‘பெருக்கமுறு விழித்திரை நோய்’, முளைக்காத நிலைக்குப் ‘பெருக்கமுறா விழித்திரை நோய்’ என்று இருவர் எழுதியிருந்தீர்கள். பெருகுவது எது என்று அந்தச் சொல்லில் இல்லை. படிக்கிறவர் நோய்தான் பெருகுகிறது என்று எடுத்துக்கொள்வார். ‘பெருக்கமுறா’ என்று சீட்டில் இருந்தால், நோய் பெருகவில்லை, சரி என்று நிம்மதியாகப் போய்விடுவார். ஆனால் மஞ்சள் புள்ளி நீர்வீக்கம் அந்த ‘பெருக்கமுறா’ நிலையிலேயே வந்து பார்வையைக் குறைக்கலாம். மேலே அழுத்திச் சொன்னது இதற்குத்தான்.

‘விழித்திரை அழற்சி’ வேண்டாம். அழற்சி ரெட்டினைட்டிஸுக்கு உரியது, அது வேறு நோய். ‘சிதைவு’ முதுமையில் வரும் மஞ்சள் புள்ளிச் சிதைவுக்குத் தேவைப்படுகிறது; தவிர, முதல் புடைப்பு மட்டும் தெரிகிற ஒருவரிடம் ‘உங்கள் விழித்திரை சிதைந்துவிட்டது’ என்று சொல்வது அநியாயம். நோய்க்குப் பெயர் வெறுமனே ‘நீரிழிவு விழித்திரை நோய்’ என்றே இருக்கட்டும்.

நாளத்துக்கு வருவோம். ஷா ஆலம் தம்பியின் ‘கள்ளநாளம்’ காதுக்கு விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் நோயாளியின் தலையில் அது ஏதோ குற்றம் சுமத்துவது போலப் படுகிறது. பினாங்கு ஐயா சொன்ன ‘முளைநாளம்’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவசரத்தில் படிக்கிறவர் அதை ‘மூளைநாளம்’ என்றுதான் படிப்பார். கண் துண்டறிக்கையில் மூளை வந்தால் பக்கவாதம் என்று நினைத்துப் பதறுவார்கள்.

என் முன்மொழிவு: களைநாளம்.

விதைக்காமல் வருவது, வேண்டாத இடத்தில் படர்வது, பயிருக்குப் போக வேண்டியதைக் கெடுப்பது களை. ‘கண்ணுக்குள் களைநாளம்’ என்று கேட்டு யாரும் சந்தோஷப்படப் போவதில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். ரப்பர் மரங்களுக்கிடையே களை மருந்துத் தோம்பை முதுகில் சுமந்தவர்கள் நம் அம்மாக்கள்தானே.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன். அடிக்கலாம், ஆனால் மாற்றுச் சொல்லோடு அடியுங்கள்.


பினாங்கிலிருந்து

அம்மாவுக்கு வணக்கம். ஜார்ஜ்டவுனில் மழை, நெட் விட்டுவிட்டு வருகிறது, அதனால் சுருக்கமாக.

முளை மூளையாகும் என்பது நல்ல அடி. தமிழ்ப்பள்ளியில் கட்டுரைத் தாள் திருத்தியவனுக்கு அது புதிதில்லை. விதை ‘மூளைத்து’ மரமானதாக வருஷா வருஷம் படித்திருக்கிறேன். முளைநாளத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் களை? முகத்தில் களை, கல்யாணக் களை, தெய்வக் களை என்று எத்தனை நல்ல களைகள் இருக்கின்றன! ‘கண்ணில் களை’ என்று எழுதிப் பாருங்கள், பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் பேச்சு மாதிரி இருக்கிறது. கண் களைத்துப்போவது இன்னொன்று. போதாததற்குப் பழந்தமிழில் ‘களைகண்’ என்றே ஒரு சொல் உண்டு. பற்றுக்கோடு, ஆதரவு என்று பொருள். கண்ணும் களையும் சேர்ந்து நல்ல பொருள் தரும் சொல் ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது, நாம் கெட்ட பொருளில் இன்னொன்றைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைப்பதா?

என் மாற்று: வேண்டாநாளம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் தாராளமாக இடம் கொடுக்கிறது. ‘புதிய’ என்பதிலுள்ள நல்ல வாசனையும் போய்விடும்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். ‘விழித்திரை’ என்று நாம் முடிவு செய்தது சரிதான், பாடநூலில் பிள்ளைகள் படிப்பதும் அதுதான். ஆனால் நம் பெரியவர்களுக்குத் ‘திரை’ என்றால் கண்ணில் விழுகிற திரை, அதாவது கண்புரை. “திரைதானே, உரிச்சுட்டா சரியாயிடும்” என்று என் மாமா ஒருவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். முதல் பக்கத்திலேயே ஒரு வரி போடுங்கள்: விழித்திரை கண்ணின் பின்பக்க உட்சுவரில் இருப்பது, கண்புரை வேறு, இது வேறு.


செராஸிலிருந்து

அக்காவுக்கும் சாருக்கும் வணக்கம். ஆன்கால் முடிந்து எழுதுகிறேன், தூக்கக் கலக்கத்தில் ஒற்று விட்டுப் போயிருந்தால் சார் திருத்திக்கொள்ளவும்.

கண் மருத்துவப் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில் மட்டும் சில குறிப்புகள். மொழி உங்கள் பாடு.

இந்த நாளங்கள் நீரிழிவில் மட்டும் வருவதில்லை. விழித்திரைச் சிரை அடைபட்டாலும் வரும், குறைமாதக் குழந்தைகளின் கண்ணிலும் வரும். முதுமையில் வரும் மஞ்சள் புள்ளிச் சிதைவின் ஈர வகையில், விழித்திரைக்கு அடியிலுள்ள அடுக்கிலிருந்து மேலே வரும். எல்லா இடத்திலும் கெடுதல்தான், ஆகவே எந்தச் சொல் வைத்தாலும் இவற்றுக்கெல்லாம் பொருந்துகிற மாதிரி வையுங்கள்.

ஆனால் உடம்பில் எங்கே புதிய நாளம் வந்தாலும் கெடுதல் என்று ஆகிவிடக் கூடாது. காயம் ஆறுவதற்குப் புதிய நாளம் வேண்டும். கருவில் குழந்தை வளரவும் அது வேண்டும். இதயத்தில் அடைப்பைச் சுற்றி மாற்று வழி உண்டாவதும் நல்லதுதான். அந்தப் பொதுவான வேலைக்கு ‘நாளவாக்கம்’ மாதிரி நிறமில்லாத ஒரு சொல் தனியாக இருக்கட்டும்.

களை என்ற சொல்லில் எனக்கு இருக்கும் ஒரே பயம் லேசர் பற்றியது. களை என்றதும் லேசரால் அதைப் பிடுங்குகிறோம், எரிக்கிறோம் என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள். நாங்கள் அந்த நாளங்களைச் சுடுவதில்லை. நடுப்பகுதியை விட்டுவிட்டு, விழித்திரையின் ஓரப் பகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு புள்ளிகளைச் சுடுகிறோம். சுட்ட இடத்துக்கு அதன்பின் ஆக்சிஜன் அவ்வளவாகத் தேவைப்படாது, வி.இ.ஜி.எஃப். சுரப்பது குறையும், அழைப்பு நின்றதும் நாளங்கள் தாமே வாடும். இந்த முறை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கிறது என்று 1976-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது, இன்றும் அதுதான் அடிப்படை. பக்கவாட்டுப் பார்வையும் இருட்டில் தெரிவதும் கொஞ்சம் குறையலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ‘லேசர் வச்ச பிறகுதான் கண்ணு கெட்டுச்சு’ என்று தே தாரிக் கடையில் பரவிவிடும்.

ஊசி வேறு வழி. வி.இ.ஜி.எஃப்.-ஐ நேராகவே தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்துகிறோம். நீர்வீக்கத்துக்கும் அது உதவும். ஆனால் மருந்தின் வேகம் அடங்கியதும் அழைப்பு திரும்ப வரும், நாளமும் திரும்ப வரும். நடுவில் நிறுத்திவிட்டுப் பல மாதம் கழித்து வருகிறவர்களின் நிலை சில நேரம் முன்பைவிட மோசம். துண்டறிக்கையில் வேறு எதற்கு இடம் இல்லாவிட்டாலும் இதற்கு இடம் ஒதுக்குங்கள்.


செந்தூலிலிருந்து

இருவருக்கும் நன்றி. தம்பி முதலில் போய்த் தூங்கவும்.

ஐயாவின் ‘களை’ வழக்கை எடுத்துக்கொள்கிறேன். அழகு என்ற பொருளில் வரும் களை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முகக்களை, கல்யாணக்களை, தெய்வக்களை: எல்லாம் சொல்லின் கடைசியில். வேண்டாத செடி என்ற களை, தொகையில் முன்னால் வந்து உட்காரும். களைச்செடி, களைக்கொல்லி, களைக்கொட்டு, களையெடுப்பு. ‘களைக்கொல்லி’ என்று போத்தலில் படித்துவிட்டு அழகைக் கொல்லும் மருந்து என்று யாரும் நினைத்ததில்லை. களைநாளத்திலும் களை முன்னால்தான் நிற்கிறது. ‘கண்ணில் களை’ என்று பிரித்து எழுத நமக்குத் தேவையே வராது. களைகண் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் கிளினிக் வரிசையில் நிற்கிறவர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார், கேள்விப்பட்டவர் குழம்ப மாட்டார்.

வேண்டாநாளத்தில் எனக்கு இரண்டு உறுத்தல். பன்மையாக்கிச் சொல்லிப் பார்த்தேன். ‘வேண்டாநாளங்கள்’ என்றதும் பக்கத்தில் இருந்த என் தங்கை ‘அது என்ன, கரிநாளா?’ என்றாள். நாளும் நாளமும் அவ்வளவு நெருக்கம். இரண்டாவது, வேண்டாதது என்று சொன்னால் ‘அப்ப வெட்டி எடுத்துடுங்க’ என்பதுதான் அடுத்த பேச்சாக இருக்கும். வெட்டி எடுப்பது எல்லாருக்கும் செய்கிற வேலை இல்லை. இரத்தம் கலையாமல் நின்றாலோ விழித்திரையை நார் இழுத்தாலோதான் விட்ரியஸை அகற்றும் அறுவைக்குப் போகிறார்கள். மாகெமர் என்ற மருத்துவர் 1970-களின் தொடக்கத்தில் அதற்கு வழி கண்டுபிடித்ததால்தான் அதுவும் இன்று முடிகிறது.

லேசர் பற்றித் தம்பி சொன்னது துண்டறிக்கையின் வாசகத்தையே மாற்றிவிட்டது. ‘லேசர் களையெடுப்பு’ என்று எழுதும் ஆசை எனக்கு இருந்தது, அதை விட்டுவிட்டேன். களைநாளம் என்பது பெயர் மட்டுமே. சிகிச்சைக்கு ‘லேசர்’, ‘கண் ஊசி’ என்று சனங்கள் சொல்வதையே வைத்துக்கொள்வோம். பொதுச் சொல்லாக ‘நாளவாக்கம்’ நன்றாக இருக்கிறது, பட்டியலில் சேர்க்கலாம். துண்டறிக்கையில் அது வராது.

நிலைகளின் பெயர்களும் இதோடு தீர்ந்துவிடுகின்றன. ‘களைநாளம் வராத நிலை’, ‘களைநாளம் வந்த நிலை’. நீளம்தான். ஆனால் ‘பெருக்கமுறா’ போல வாயில் நுழையாமலும் இல்லை, பொய் நிம்மதி தருவதாகவும் இல்லை. ‘களைநாளம் வரவில்லை, ஆனால் மஞ்சள் புள்ளியில் நீர்வீக்கம் இருக்கிறது’ என்று ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது பாருங்கள். எனக்கு அது போதும்.

நம் குழுவில் அடிக்கடி பேசப்படும் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தபோது, மாணவன் நோயாளியிடம் போய்ச் சொல்லக்கூடிய சொல் வேண்டும் என்ற நெருக்கடியில்தான் அத்தனை சொற்களைச் செய்தார். அவர் செய்ததில் பாதி இன்று புழக்கத்தில் இல்லை என்று ஈப்போ நண்பர் குறைப்பட்டுக்கொள்வார். இருக்கட்டுமே. வகுப்பறை நடந்ததா இல்லையா?

கடைசிப் பக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘கவனிக்காவிட்டால் குருடாகிவிடுவீர்கள்’ என்ற வரியைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லிச் சிலர் தனியாக எழுதியிருக்கிறீர்கள். போட மாட்டேன். பயமுறுத்தினால் வருவார்கள் என்பது வெளியில் நிற்பவர்களின் நம்பிக்கை. பயந்தவர்கள் கெட்ட சேதி கேட்கவே வருவதில்லை என்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தவிர, பிரிக்ஃபீல்ட்ஸில் வெள்ளைக் கோலோடு நடைபாதையின் மஞ்சள் வரிகளைத் தொட்டு வேலைக்குப் போகிறவர்கள் நம் பக்கத்து மனிதர்கள். அவர்கள் வாழ்க்கையை நம் பூச்சாண்டி ஆக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘பார்வையிழப்பு’ என்று எழுதுவோம். ஏற்கெனவே பார்வை குறைந்துவிட்டவர்களுக்காக, 1951 முதல் இயங்கிவரும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

‘ஃபண்டஸ்’ படத்துக்கு யாரோ ‘கண்ணடிப் படம்’ என்று போட்டிருந்தீர்கள். கண்ணின் அடித்தளம் என்று பொருள் சரி, ஆனால் கவுண்டரில் போய் ‘கண்ணடிக்க வந்தேன்’ என்று சொல்ல நம் ஆட்கள் அஞ்ச மாட்டார்கள். ‘விழித்திரைப் படம்’ போதும். அப்படித்தான் மாற்றியிருக்கிறேன்.

நடுப்பக்கத்தின் இப்போதைய வாசகம் இது:

“இனிப்புநீர் பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால், கண்ணின் பின்பக்க உட்சுவரான விழித்திரையில் உள்ள நுண்நாளங்கள் கசியும், பிறகு அடைபடும். அடைபட்ட இடத்தைச் சுற்றிக் களைநாளங்கள் முளைக்கலாம். இவை புதிய நாளங்கள்தான், ஆனால் கண்ணுக்கு நன்மை செய்வதில்லை. உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும், விழித்திரையை இழுத்துப் பிரிக்கும். வலி இருக்காது. நன்றாகத் தெரிகிற கண்ணிலும் இவை இருக்கலாம். அதனால் இரண்டாம் வகை இனிப்புநீர் என்று தெரிந்த உடனேயே விழித்திரைப் படம் எடுங்கள். அடுத்து எப்போது என்று கிளினிக்கில் சொல்வார்கள், அந்தத் தேதியை விடாதீர்கள். லேசர் களைநாளத்தைச் சுடுவதில்லை. அவை வளர்வதற்கான தூண்டுதலைக் குறைக்கிறது. இருக்கும் பார்வையைக் காப்பதுதான் அதன் வேலை. கண் ஊசி தொடங்கினால் நடுவில் நிறுத்தாதீர்கள்.”

சர்க்கரைக் கட்டுப்பாடு பற்றிய பத்தி இதற்குக் கீழே வரும். 1993-இல் வெளியான டி.சி.சி.டி. என்ற நீரிழிவு ஆய்வில், முதல் வகை நீரிழிவு உள்ளவர்களில் கண் பாதிப்பு இன்னும் தொடங்காதவர்கள் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது, புதிதாக விழித்திரை நோய் வரும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. அந்த எண்ணைப் போடலாமா, ‘மிகவும் குறைகிறது’ என்று விட்டுவிடலாமா என்று யோசனை. நம் வாசகர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகை என்பதால் விட்டுவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். தம்பி எழுந்ததும் சொல்லட்டும்.

மிச்சமிருப்பது விட்ரியஸ். இலங்கைப் பாடநூல்களின் ‘கண்ணாடியுடனீர்’ முறையான சொல்தான். எங்கள் வீட்டில் படித்துக் காட்டினேன், “கண்ணாடியுடன் நீர் என்றால் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணி குடிக்கணுமா?” என்று கேட்டார்கள். ‘விழிக்கூழ்’ என்று நானே ஒன்று செய்தேன், கூழ் ஊற்றும் ஆடி மாதத்தில் அதை வெளியே சொல்லத் தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. அதற்குள் யாரும் நல்ல சொல் தராவிட்டால் விட்ரியஸ் என்றே அச்சாகும்.